கழுவி வைத்த சாணைக்கல்

என் வலது கண் பிளாஸ்டிக். முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேசும்போது எந்தக் கண்ணைப் பார்ப்பது என்று தெரியாமல் எதிரில் இருப்பவர்கள் திண்டாடுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இடது கண்ணைப் பாருங்கள். பார்க்கிற கண் அதுதான்.

சென்ற மாதம் கும்பகோணத்திலிருந்து வங்கி ஊழியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். கத்தி செய்வதில் அவருக்கு ஆசை. வீட்டுக் கொல்லையில் சாணை மெஷின் போட்டிருக்கிறார். "சார், நீங்க முன்னாடி செஞ்சவராமே. எதெதுல ஜாக்கிரதையா இருக்கணும்னு சொல்லுங்க" என்றார். கண்ணாடி இல்லாமல் மெஷின் பக்கம் போகாதீர்கள், தோளில் துண்டு வேண்டாம், கல்லுக்கு மேலே இருக்கிற இரும்பு மூடியைக் கழற்றாதீர்கள், சுவிட்ச் போடும்போது பக்கவாட்டில் நில்லுங்கள், கல் ஒரு நிமிஷம் வெறுமனே ஓடட்டும் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவன், "கல்லைத் தண்ணீரில்" என்ற இடத்தில் நிறுத்திவிட்டேன். அடுப்படியில் என் மனைவி மல்லிகா இருந்தாள். அவள் காதில் அது இன்னொரு முறை விழக்கூடாது. வந்தவர் பாவம், பாதிப் பாடத்தோடு பஸ் ஏறினார். மீதியை எழுதிக் கொடுத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

வலங்கைமானுக்குத் தெற்கே எங்கள் ஊர். அப்பா பண்ணையில் கூலிக்கு உழைத்தவர். நான் படித்து யூனியன் ஆபீசில் எழுத்தர் ஆனேன். பகலெல்லாம் காகிதத்தோடு மாரடித்துவிட்டு வருகிறவனுக்கு மாலையில் இரும்பைத் தொட்டால்தான் சோறு இறங்கும். பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு வெளிநாட்டுப் பத்திரிகையில், டாக்டர்களும் வக்கீல்களும் பொழுதுபோக்காகக் கத்தி செய்கிற படங்களைப் பார்த்தேன். அன்று பிடித்த பைத்தியம். மாட்டுக் கொட்டகையைக் காலி செய்து சாணை மெஷின் வாங்கிப் போட்டேன். லாரி ஸ்பிரிங் பட்டையை வெட்டித் தீட்டி, புளியங்கட்டையில் பிடி போட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் சும்மா கொடுப்பேன். எங்கள் தெருவில் மீன் நறுக்குவது முழுக்க என் கத்திதான். "ஆபீஸ்ல பேனா, வீட்ல கத்தி. ஊரு உங்கள என்னன்னு நம்பும்?" என்று மல்லிகா கேலி செய்வாள்.

அந்த வருஷம் ஊர் சரியாக இல்லை. கோயில் நிலத்தைத் தலைமுறை தலைமுறையாகக் குத்தகைக்கு உழுதவர்கள் ஒரு பக்கம். புதிதாக ஏலத்தில் எடுத்தேன் என்று வந்தவர் மறுபக்கம். இரண்டு பக்கமும் ஆளும் கட்சி. வேட்டியின் கரைகூட ஒன்றுதான். மல்லிகாவின் தம்பி மணியன் குத்தகைக்காரர்களில் ஒருவன், அதிலும் முன்னால் நின்று பேசுகிறவன். குறுவையை யார் அறுப்பது என்று அடிதடியாகி ஒருவருக்கு மண்டை உடைந்தது. பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. அதற்கும் என் கொட்டகைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்த நேரத்தில் ஆயுத பூசை வந்தது. எங்கள் பக்கம் ஆயுத பூசைக்கு ஏர்க்கலப்பை முதல் தையல் மெஷின் வரை எல்லாம் குளிக்கும். மல்லிகா எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். "அந்தக் கல்லையும் கழட்டிக் குடுங்க, கரேல்னு கெடக்கு" என்றாள். கழற்றிக் கொடுத்தேன். பேசினில் சோப்புத்தூள் கரைத்து ஊற வைத்து, தேங்காய் நாரால் தேய்த்தாள். இரும்புத்தூள் கறுப்பு போய்க் கல் புதிதுபோல் வந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் அதை மாட்டினேன். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், மாலை. என் பாதுகாப்புக் கண்ணாடியையும் அவள் விடவில்லை. இரண்டு கண்ணிலும் சந்தனத்தை அப்பி நடுவில் குங்குமம் வைத்தாள். "பாருங்க, உங்களவிட இது லட்சணமா இருக்கு" என்று சிரித்தாள்.

மறுநாள் விஜயதசமி. நல்ல நேரத்தில் ஒரு கத்தியையாவது தீட்டித் தொடங்க வேண்டும். கண்ணாடியை எடுத்தேன். பொட்டைத் துடைக்க மனசு வரவில்லை. துடைக்காமல் போட்டால் எதுவும் தெரியாது. ஆணியில் மாட்டிவிட்டு, மெஷினுக்கு நேர் எதிரே நின்று கும்பிட்டு, சுவிட்சைப் போட்டேன். மேஜை தடதடவென்று ஆடியது. என்ன இது என்று குனிவதற்குள் கல் வெடித்தது. ஊரே திரும்பிப் பார்க்கிற சத்தம். மல்லிகாவின் முகத்தை என் இரண்டு கண்ணாலும் நான் கடைசியாகப் பார்த்தது அதற்கு முந்தின நிமிஷம், அவள் சூடம் காட்டும்போது.

வாடகைக் காரில் தஞ்சாவூருக்குப் போனோம். கண்ணில் அடிபட்டால் துணியை வைத்து அழுத்துவதும் தண்ணீரை அடிப்பதும்தான் எல்லாரும் செய்வது. இரண்டும் கூடாது. மல்லிகாவுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஆனால் காபி டபராவை என் கண்மேல் கவிழ்த்து, விளிம்பைப் புருவத்திலும் கன்னத்து எலும்பிலும் நிறுத்தி, கண்ணில் படாமல் வழி முழுக்கப் பிடித்துக்கொண்டே வந்தாள். ரோடு குண்டும் குழியும். அவள் கை அசையவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா டபராவை எடுத்துப் பார்த்துவிட்டு, "யார் இப்படிப் பிடிச்சிட்டு வந்தது? நல்ல காரியம் செஞ்சீங்கம்மா" என்றார். அந்தப் பாராட்டு மல்லிகாவுக்கு ஒரு வாரம்கூட நிலைக்கவில்லை.

சி.டி. ஸ்கேன் எடுத்தார்கள். ரொட்டியை வில்லை வில்லையாக வெட்டிப் பார்ப்பதுபோல் தலையை வெட்டாமலே வில்லை வில்லையாகப் படம் பிடிக்கிற பரிசோதனை அது. கண்ணுக்குள் கல் துண்டு ஒன்று உட்கார்ந்திருப்பது தெரிந்தது. "கண்ணு தண்ணி நெறஞ்ச பந்து மாதிரிங்க. இப்ப அது கிழிஞ்சிருக்கு. கல்லை எடுத்துட்டுத் தைக்கிறோம். பார்வை வருமான்னு இப்ப என்னைக் கேக்காதீங்க" என்றார் டாக்டரம்மா. அவர் குரல் கண்டிப்பாகவும் கை மெதுவாகவும் இருந்தது. தைத்து முடித்து இரண்டு கண்ணையும் கட்டிவிட்டார்கள். நல்ல கண் அசைந்தால் கெட்ட கண்ணும் கூடவே அசையுமாம்; தையல் இழுக்குமாம்.

அதன்பிறகு வார்டு எனக்கு வெறும் சத்தம்தான். டிராலிச் சக்கரம், எவர்சில்வர் தட்டு, யாரோ செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பது. பயம் என்றால் சாதாரணப் பயம் இல்லை. கட்டை அவிழ்க்கும்போதும் இதே இருட்டு இருந்தால்? கோப்புப் படிக்க முடியாத எழுத்தரை ஆபீசில் எந்த மூலையில் உட்கார வைப்பார்கள்? இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லாமலே மல்லிகாவுக்குத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு அவள் கண்டதையெல்லாம் சொல்ல ஆரம்பித்தாள்.

"பக்கத்து பெட்டுல சீர்காழிக்காரரு. அறுப்புல கதிர் சொணை கண்ணுல பட்டுப் புண்ணாப் போச்சாம். அவரு பொண்டாட்டி ஆரஞ்சு உரிக்குது. தோலப் பையிலயே போட்டுக்குது, நல்ல பொம்பள. நர்ஸம்மா தலையில இன்னிக்கு முல்லப்பூ. ஜன்னல்ல ஒரு புறா நிக்குதுங்க, உள்ள வரலாமா வேணாமான்னு பாக்குது."

நான் சிரிப்பேன். "உள்ள வந்தா அட்மிட் பண்ணிடுவாங்கன்னு சொல்லு" என்பேன். உண்மையாகச் சொல்கிறேன், அந்த நாட்களில் அவள் வாய் வழியாக நான் பார்த்த அளவுக்கு என் கண்ணால் எந்த இடத்தையும் பார்த்ததில்லை.

அரிசி மில்லில் ஃபிட்டராக இருக்கிற ரத்தினம் என்னைப் பார்க்க வந்தான். அவன் உரத்த குரல்காரன். ரகசியம் பேசினாலும் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். மல்லிகா ஃபிளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் வாங்கப் போயிருந்தாள்.

"கல்லு கீறல் விட்டிருந்துச்சா? தட்டிப் பாத்தியா?" என்றான். நல்ல கல்லைத் தட்டினால் கணீர் என்று கேட்கும். விரிசல் விட்ட கல் பானை உடைந்த சத்தம் போடும்.

"பூசைக்கு முன்னாடி தட்டினேன். கணீர்னுதான் இருந்துச்சு."

"தண்ணி கிண்ணி பட்டுச்சா?"

சொன்னேன். ரத்தினம் ஸ்டூலைக் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தணித்தான். அவன் தணிந்து பேசி நான் கேட்டதில்லை.

"சாணைக்கல்லு பாக்கத்தான் கெட்டிப்பா. உள்ள இட்லி மாதிரி பொடிப்பொடியா ஓட்டை. ஊறப் போட்டா குடிச்சுக்கும். மாட்டி ராத்திரி பூரா அசையாம வச்சீன்னா, குடிச்ச தண்ணியெல்லாம் கீழ்ப்பக்கம் எறங்கிடும். ஒரு பக்கம் கனம். அதை அந்த வேகத்துல சுத்த விட்டா என்ன ஆவும்? போன வருசம் எங்க மில்லுலயே ஒன்னு போச்சு. ஆளு தள்ளி நின்னான், தப்பிச்சான்."

"இதை மல்லிகாகிட்ட சொல்லிடாத."

"என்னப்பா நீ. நான் சொல்லுவனா?"

அவன் சொல்லவில்லை. நானும் இதைச் சாகிறவரை சொல்லப்போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன். கல் பழுது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று கடைசிவரை சாதித்துவிட்டால் போயிற்று. ஆனால் மல்லிகாவும் என்னிடம் ஒன்றை மறைத்துக்கொண்டிருந்தாள். மணியனைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போயிருந்தது.

அது எனக்குத் தெரிந்தது சப்-இன்ஸ்பெக்டர் வார்டுக்கு வந்தபோதுதான். மல்லிகா எனக்கு ரசம் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பூட்ஸ் சத்தம் வந்து கட்டிலருகே நின்றது.

"கொட்டகைச் செவுரு பூரா கத்தி தொங்குது. யாருக்குய்யா இத்தனை கத்தி?"

"யாருக்கும் இல்லீங்க சார். சும்மா, ஆசைக்கு."

"ஆசைக்கு நாய் வளக்கலாம், ரோஜாச் செடி வைக்கலாம். கத்தி செய்யறவன இப்பத்தான் பாக்கறேன். ஊர்ல நெலத் தகராறு. உன் மச்சான் அதுல முன்னாடி நிக்கிறான். உன் கொட்டகைல வெடிச் சத்தம் கேட்டுதுன்னு ஊரே சொல்லுது. நாட்டு வெடி கட்டுனீங்களா ரெண்டு பேரும்?"

"கல்லு வெடிச்சுது சார்."

"கல்லு தானா வெடிக்குமா? தெருத்தெருவா சாணை பிடிக்கறவன் வர்றான், எவன் கல்லு வெடிச்சுது? கல்லு பழுதுன்னு சொல்லாத, கடையிலயே விசாரிச்சாச்சு, நல்ல கல்லாம். ஏன் வெடிச்சுதுன்னு நம்புற மாதிரி ஒரு காரணம் சொல்லு, மணியனை விட்டுடுறேன். இல்லாட்டி நாளைக்குக் கோர்ட்டுக்குக் கொண்டுபோய் உள்ள தள்ளிடுவேன்."

 என் வாயருகே கொண்டுவந்த சோற்றோடு மல்லிகாவின் கை நின்றது. ரச வாசனை மூக்கில் அடித்தது.

"சொல்லுங்களேங்க" என்றாள். "எந்நேரமும் அந்த மெஷினைப் பத்தியே பேசுவீங்களே, உங்களுக்குத் தெரியாமயா இருக்கும்? அவனுக்கு ரெண்டும் சின்னப் புள்ளைங்க. உள்ள போனா அந்த நெலமும் போயிடுங்க. தெரிஞ்சா சொல்லுங்க."

இரண்டு கண்ணும் கட்டியிருந்ததற்கு என் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை நன்றி சொன்னேன் என்றால் அது அப்போதுதான். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்லியிருக்க முடியாது.

"கல்லு ஈரமா இருந்துது சார்" என்று ஆரம்பித்தேன். இட்லி ஓட்டை, இறங்கிய தண்ணீர், ஒரு பக்கத்துக் கனம் எல்லாம் சொன்னேன். மில்லில் போய் விசாரித்தால் இதையே சொல்வார்கள் என்றேன்.

"யாரு நனைச்சா?"

"நான்தான் சார்" என்றேன்.

மல்லிகாவின் கை என் வாயருகிலிருந்து விலகியது.

"இல்ல சார்" என்றாள். குரல் சாதாரணமாக இருந்தது, கடையில் விலை சொல்வதுபோல். "நான்தான் ஊற வச்சேன். சோப்புத்தூள் போட்டு. மத்தியானம் போட்டது, வெளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் எடுத்தேன். பேசினு இன்னும் கொல்லையிலதான் கெடக்கும். போயிப் பாருங்க சார். என் தம்பிக்கு ஒன்னும் தெரியாது."

சப்-இன்ஸ்பெக்டர் நோட்டை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "நாங்களும் ஜீப்பைக் கழுவித்தாம்மா பூசை போட்டோம்" என்றார். மனுஷன் குரல் இறங்கியிருந்தது. பூட்ஸ் சத்தம் மெதுவாகப் போயிற்று. மில்லில் விசாரித்திருக்கிறார், மறுநாளே மணியன் வீட்டுக்கு வந்துவிட்டான்.

மல்லிகா மிச்சச் சோற்றை ஊட்டினாள். வாய் துடைத்தாள். தட்டைக் கழுவிக்கொண்டு வந்து ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"பளிச்சுன்னு இருக்கணும்னு தேச்சுத் தேச்சுக் கழுவினேங்க" என்றாள்.

"கண்ணாடி போடாதவன் நான். எதிர்ல நின்னவன் நான். போட்டிருந்தா கன்னம்தான் கிழிஞ்சிருக்கும்."

"கண்ணாடியில பொட்டு வச்சது யாரு?"

 அதற்கப்புறம் அவள் வார்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. புறா வந்ததா, நர்ஸம்மா என்ன பூ வைத்திருந்தார், சீர்காழிக்காரர் எழுந்து உட்கார்ந்தாரா, எதுவும் இல்லை. மருந்து, சோறு, வெந்நீர், அவ்வளவுதான். "புறா என்ன பண்ணுது?" என்று நானே கேட்டேன். "தெரியலீங்க" என்றாள். எனக்கு உண்மையில் கண் போனது அன்றைக்குத்தான்.

கட்டை அவிழ்த்தார்கள். இடது கண்ணில் ஜன்னல், வெளிச்சம், மல்லிகா. இளைத்திருந்தாள். தலை வாரவில்லை. என் இடது கண்ணை மட்டும் பார்த்துப் பேசினாள். வலது பக்கம் அவள் பார்வை போகவே இல்லை. டாக்டரம்மா இடது கண்ணை மூடிவிட்டு, வலது கண்ணில் டார்ச் அடித்துச் சோதித்தார். எந்தப் பக்கத்திலிருந்து வெளிச்சம் வருகிறது என்று சொல்ல வேண்டும். எனக்கு எல்லாம் ஒரே கறுப்பு. அப்போது மல்லிகா என் கையைப் பிடித்திருந்தாள். அவள் விரல் என் உள்ளங்கையில் இடது பக்கம் அழுத்தியது. "இடது" என்றேன். பிறகு வலது பக்கம் அழுத்தியது. "வலது" என்றேன். மேலே, கீழே, எல்லாம் சரியாகச் சொன்னேன். டாக்டரம்மா டார்ச்சை அணைத்தார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளிய இருங்க" என்றார். திட்டவில்லை.

அவள் வெளியே போனபின் ஒரு பக்கமும் எனக்குத் தெரியவில்லை.

டாக்டரம்மா எங்கள் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னார். ஒரு கண் இப்படி ஆழமாகக் கிழிந்தால், அபூர்வமாகச் சிலருக்கு, உடம்பு குழம்பிப்போய் அடிபடாத கண்ணையும் தாக்க ஆரம்பிக்கும். ஒன்றுக்கு வந்தது மற்றொன்றுக்கும் வரும். பார்வை திரும்பாத கண்ணை இரண்டு வாரத்துக்குள் எடுத்துவிட்டால் அந்த ஆபத்து போய்விடும். மல்லிகா மாரியம்மனுக்கு வெள்ளியில் கண்மலர் சாத்துவதாக வேண்டியிருந்தாள். "கொஞ்ச நாள் பொறுத்துப் பாக்கலாமா டாக்டர்? கண்ணுன்னு ஒன்னு இருந்தா பின்னால எதாவது மருந்து வரலாமில்ல?" என்றாள். கண் அங்கேயே இருந்தால் தான் அதை அழிக்கவில்லை என்று ஆகும் அவளுக்கு. அது எனக்குப் புரிந்தது. அவளுக்காக நானும் பொறுத்துப் பார்க்கலாம் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மல்லிகா என் இடது கண்ணைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "எடுத்துடுங்க டாக்டர்" என்றாள்.

எடுத்தார்கள். வலி பெரிதாக இல்லை. குழி ஆறியபின் பிளாஸ்டிக் கண் வைத்தார்கள். கருவிழி நிறம் அச்சாகப் பொருந்துகிறது என்று எல்லாரும் சொன்னார்கள். கண்மலரையும் அவள் போய்ச் சாத்திவிட்டு வந்தாள். இருக்கிற கண்ணுக்காக என்றாள்.

ஒற்றைக் கண்ணோடு வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். தூரம் தெரியாது. இரண்டு கண்ணும் சேர்ந்துதான் ஒரு பொருள் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று கணக்குப் போடுகின்றன. ஒன்று போனால் படி இல்லாத இடத்தில் படி ஏறுவீர்கள்; சொம்பிலிருந்து ஊற்றுகிற தண்ணீர் டம்ளருக்கு வெளியே விழும். சில மாதத்தில் பழகிவிடும். நான் சொம்பின் விளிம்பை டம்ளரில் தொட்டு வைத்துக்கொண்டு ஊற்றப் பழகினேன். முதல் தடவை தண்ணீரைத் தரையில் ஊற்றியபோது மல்லிகா துணியோடு வந்து துடைத்தாள். "உனக்கும் எனக்கும் நடுவுல எவ்வளவு தூரம்னே தெரியல போ" என்று விளையாட்டாகச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

மெஷினை ரத்தினம் மில்லுக்கு எடுத்துப் போய்விட்டான். மறு வருஷம் ஆயுத பூசைக்கு மல்லிகா எதையும் கழுவவில்லை. அரிவாள்மணையில்கூடப் பொட்டு வைக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் பேசாமல் போனதில் எனக்குக் கோபமும் வந்தது, ஒளிப்பானேன். கண் போனது எனக்கு, துக்கம் முழுக்க அவளே எடுத்துக்கொண்டாளே என்று.

அந்தக் கோபம் போனது ஒரு மத்தியானத்தில். ஆபீசில் மின்சாரம் இல்லாமல் சீக்கிரம் கிளம்பி வந்துவிட்டேன். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டுக் கொல்லை வழியாக வந்தேன். அடுப்படிக் கதவு திறந்திருந்தது. மல்லிகா எனக்கு முதுகைப் பாதி காட்டி நின்றாள். இடது உள்ளங்கையால் தன் வலது கண்ணை இறுக்கிப் பொத்தியிருந்தாள். வலது கையில் தண்ணீர் டம்ளர். அதிலிருந்து மேடைமேல் இருந்த டபராவில் ஊற்றினாள். தண்ணீர் டபராவுக்கு வெளியே விழுந்தது. முந்தானையால் துடைத்தாள். மறுபடி டம்ளரை நிரப்பி, மறுபடி கண்ணைப் பொத்திக்கொண்டு ஊற்றினாள். மறுபடி வெளியே விழுந்தது. மேடை முழுக்க ஈரம். முந்தானை முழுக்க ஈரம். ரொம்ப நேரமாகச் செய்துகொண்டிருக்கிறாள்.

சத்தம் போடாமல் திரும்பி வேலிக்குப் போனேன். சைக்கிளை எடுத்துத் தெரு வழியாகச் சுற்றிவந்து, வாசலில் மணியை இரண்டு தடவை அடித்தேன். "என்னங்க, சீக்கிரம் வந்துட்டீங்க?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கொஞ்ச நேரத்தில் காபி கொண்டுவந்தாள். உலர்ந்த புடவைக்கு மாறியிருந்தாள். கை நீட்டி டபராவை வாங்கினேன். அடி ஈரமாக இருந்தது. அவளது வலது கண்ணைச் சுற்றி விரல் பதிந்த சிவப்பு இன்னும் மறையவில்லை.